மோசேயின் பேழையில் எத்தனை மிருகம்? கவனக்குறைவா, புரிதலே அவ்வளவுதானா?

கடைசிபெஞ்ச்:
“மோசே தன் பேழையில் ஒவ்வொரு வகை மிருகத்திலும் எத்தனை ஏற்றினார்?” எரிக்சன், மேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-ல் வெளியிட்ட ஆய்வில் வரும் கேள்வி. பெரும்பாலோர் யோசிக்காமல் “இரண்டு” என்றார்கள். பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து மிருகங்களைக் காப்பாற்றிய அந்தப் பேழை, அதாவது மரக்கப்பல், நோவாவுடையது என்று தெரிந்தவர்களே இப்படி! இதை வைத்து, மனிதன் எதையும் மேலோட்டமாகத்தான் புரிந்துகொள்கிறான் என்று ஒரு கோட்பாடே கிளம்பிவிட்டது. எனக்கென்னவோ இது வெறும் அவசரம். ‘தவறான கூற்றைத் தேர்ந்தெடு’ என்பதைப் பரீட்சை ஹாலில் மாற்றிப் படித்துவிட்டு வருகிறோமே, அதற்கும் கோட்பாடு வேண்டுமா?

மரப்பாச்சி:
அவசரம்தான் காரணம் என்றால் எந்தப் பெயரைப் போட்டாலும் ஏமாந்திருக்க வேண்டும். அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனின் பேழை என்றால் உடனே பிடித்துவிடுகிறார்கள். கேள்வியை வாய்விட்டுப் படிக்க வைத்தபோதும் மோசே தப்பித்துக்கொண்டார். ஆக, பெயர் கண்ணில் பட்டுத்தான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுப் பெரியவர், கடவுளோடு பேசியவர் என்ற அளவுக்குப் பொருந்தியதும் மேற்கொண்டு விசாரிக்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள்.

நம்ம ஊர்ச் சரக்கு வேண்டுமா? “குருட்சேத்திரத்தில் அர்ஜுனனுக்குப் பலராமன் ஓட்டிய தேரில் எத்தனை குதிரை?” என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். காலண்டர் படத்தை நினைத்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சகுனி ஓட்டிய தேர் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

கணக்குப்பிள்ளை:
கேட்கிறவர் வாய் தவறினால் நாமே திருத்திக்கொண்டு பதில் சொல்வதுதான் உலக வழக்கம். அம்மா உப்பு டப்பாவைக் காட்டி ‘அந்தச் சர்க்கரையை எடு’ என்றால் உப்பைத்தானே எடுத்துத் தருகிறோம்? பேச்சே கூட்டு முயற்சி என்று மொழித் தத்துவவாதி கிரைஸ் 1975-லேயே எழுதியிருக்கிறார். பங்கேற்றவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். பொறி வைத்தது ஆய்வாளர்.

மரப்பாச்சி:
க.பி. சார், அதையும் சோதித்துவிட்டார்கள். ரீடர், குஸ்பிட் என்ற ஆய்வாளர்கள், 1991-ல். ஒரு விதத்தில், பிழை இருந்தாலும் கண்டுகொள்ளாமல் பதில் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு விதத்தில், பிழை இருந்தால் பதிலே சொல்லக்கூடாது. இரண்டாவதில்தான் திணறினார்கள். நேரமும் அதிகம், தவறும் அதிகம். மரியாதைதான் காரணம் என்றால், ‘மரியாதை வேண்டாம், பிழையைச் சொல்’ என்ற பிறகும் ஏன் தவறவேண்டும்?

கடைசிபெஞ்ச்:
கேள்வியின் கனமெல்லாம் ‘எத்தனை’ மேல் இருக்கிறது, மோசே ஓரமாக நிற்கிறார். 1988-ல் பிரெடார், மோடோலோ என்ற ஆய்வாளர்கள் ‘மிருகங்களை ஏற்றியது மோசேதான்’ என்கிற மாதிரி பெயருக்கு அழுத்தம் கொடுத்தார்கள். பிழையைப் பிடித்தவர்கள் கூடிவிட்டார்கள். இது குறைப் புரிதல் இல்லை, கேட்டதற்குப் பதில்.

மரப்பாச்சி:
நானும் அதைத்தானே சொல்கிறேன்! அழுத்தம் விழாத இடத்தை மனசு மேலாகத் தடவிவிட்டுப் போகிறது. நீங்கள் முதலில் சொன்ன ‘அவசரம்’ எங்கே போச்சு?

வாய்தா:
வக்கீலாக ஒரு வார்த்தை. “கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது மணி என்ன?” என்று கேட்டால் சாட்சி மணியைத்தான் யோசிப்பார். பூட்டினாரா என்பது சத்தமில்லாமல் பதிவாகிவிடும். இந்த மாதிரிக் கேள்விக்கு சீஃப்பில் (சாட்சியை அழைத்த தரப்பே விசாரிக்கும்போது) உடனே ஆட்சேபணை வரும், க்ராஸில் (எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில்) தாராளமாகக் கேட்கலாம். கூண்டில் நிற்பவருக்குக் கேட்பவர் எதிராளி என்று நன்றாகவே தெரியும். அங்கே என்ன மரியாதை, என்ன கூட்டு முயற்சி? தெரிந்தேதான் மாட்டிக்கொள்கிறார்.

கணக்குப்பிள்ளை:
கூண்டில் ஏறினால் யாருக்கும் கை உதறும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆய்வறையில் வருவதோ கேட்டவரிடம் விளக்கம் கேட்க முடியாத ஒற்றைக் கேள்வி. “யாரு, மோசேயா?” என்று திருப்பிக் கேட்க வழியுள்ள பேச்சில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்று காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்.

கடைசிபெஞ்ச்:
இப்போதுதான் வீட்டில் அந்தப் பலராமன் தேர்க் கேள்வியை நேருக்கு நேராகக் கேட்டுவிட்டு வருகிறேன். பெரியப்பா சட்டென்று “நாலு” என்றார். அத்தை மட்டும் “பலராமர் யுத்தத்துக்கே வரலையேடா, தீர்த்த யாத்திரை போயிட்டாரே” என்றார். ஆனால் அவர் வருஷம் தவறாமல் பாரதப் பிரசங்கம் கேட்கிறவர். அவரைச் சேர்க்கலாமா, கூடாதா?