ஏழு வயதுக் குழந்தைக்கு டென்ஸ் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மழைக்குருவி:
மகளுக்கு ஏழு வயது. ஸ்கூலில் பன்னிரண்டு டென்ஸையும் ஒரே அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் பேச ஆரம்பித்தால் 'ஐ கோட்', 'ஐ ஈட்டட்' என்றுதான் வருகிறது. இத்தனைக்கும் போன வருடம் இவளே 'வென்ட்', 'ஏட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்குப் புரியவே இல்லை. கேள்வி கேட்டால் 'டிட் யூ வென்ட்?' திருத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், அப்புறம் ஆங்கிலமே பேசுவதில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சாக்பீஸ்:
முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு எடுக்கிறேன், அதை வைத்துப் பேசக் கற்ற ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

'கோட்' என்று சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. போன வருடம் சொன்ன 'வென்ட்' காதில் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போதுதான் 'எட்' போட்டால் முடிந்துபோன விஷயம் என்று அவளாகவே விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள், அதைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ஒட்டுகிறாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இதே வழியில்தான் வருகிறார்கள். 1958இல் ஜீன் பெர்க்கோ என்பவர் 'ரிக்' மாதிரி அர்த்தமே இல்லாத வினைச்சொற்களைக் கொடுத்து, இந்த ஆள் நேற்றும் இதையே செய்தார், நேற்று என்ன செய்தார் என்று குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்கும் 'ரிக்ட்' என்று பதில் வந்தது. மனப்பாடத்தில் இது வராது இல்லையா?

திருத்தும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். 'ஐ கோட் டு த பார்க்' என்றால் 'தப்பு, வென்ட் சொல்லு' என்று நிறுத்தாதீர்கள். 'ஓ, யூ வென்ட் டு த பார்க்? ஹூ டிட் யூ ஸீ தேர்?' என்று பேச்சை அப்படியே கொண்டுபோங்கள். சரியான சொல் காதில் விழுந்துவிடும், அவள் சொல்ல வந்ததும் நடுவில் அறுந்துபோகாது.

'டிட் யூ வென்ட்'டுக்கு ஒரு வேலை செய்யலாம். ஒரு சீட்டில் 'ப்ளே', இன்னொரு சின்னச் சீட்டில் 'எட்' எழுதி இரண்டையும் ஒட்டி வையுங்கள். மூன்றாவது சீட்டில் 'டிட்'. கேள்வி கேட்கும்போது 'டிட்' முன்னால் வந்து உட்காரும், உடனே அவளே 'எட்' சீட்டைப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். நேற்று என்பதைச் சொல்ல ஒரு ஆள் போதும், இரண்டு பேர் வேண்டாம். 'டிட்ன்ட்'டுக்கும் இதேதான். பிய்த்து எடுக்கும் வேலை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அது போதும் நமக்கு.

பழைய பெஞ்சு:
சாக்பீஸ் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பரீட்சையில் அட்டவணையைத்தானே கேட்கிறார்கள்? விதிக்கு அடங்காத வினைகளுக்கு மனப்பாடத்தை விட்டால் வேறு வழியும் இல்லை. அதை அகர வரிசையில் கொடுப்பதுதான் கொடுமை. ஓசை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்: சிங்-சாங், ரிங்-ராங், ட்ரிங்க்-ட்ராங்க் ஒரு கூட்டம், பாட், ப்ராட், தாட், காட் எல்லாம் ஒரு கூட்டம், கட், புட், ஹிட் என்று மாறவே மாறாத சோம்பேறிகள் ஒரு கூட்டம். சந்தம் இருந்தால் நாக்கு தானே பிடித்துக்கொள்ளும். பாஸ்ட் பர்ஃபெக்ட் கன்டின்யூவஸ் எல்லாம் இந்த வயதில் எதற்கு, பெரியவர்களே அதை எப்போதாவதுதான் பேசுகிறோம்.

மழைக்குருவி:
இருவருக்கும் நன்றி. சீட்டு விளையாட்டு வேலை செய்கிறது, 'எட்'டைப் பிய்ப்பதற்காகவே கேள்வி கேட்கிறாள்! இன்னொரு சந்தேகம். தினமும் செய்வதைச் சொல்லும்போது 'எவ்ரி டே ஐ வில் ப்ரஷ் மை டீத்' என்கிறாள். 'வில்' எங்கிருந்து வருகிறது?

சாக்பீஸ்:
தமிழிலிருந்துதான். 'தினமும் காலையில் பல் தேய்ப்பேன்' என்று நாம் வழக்கத்தை எதிர்கால வடிவத்தில்தானே சொல்கிறோம், அதை அவள் அப்படியே 'வில்' ஆக்குகிறாள். இதை இலக்கணமாக விளக்கப் போகாதீர்கள், ஜோடியாகக் காட்டுங்கள். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே 'நௌ யூ ஆர் ப்ரஷிங்', ராத்திரி பேசும்போது 'யூ ப்ரஷ் எவ்ரி மார்னிங்', நாளைய ஏற்பாட்டுக்கு மட்டும் 'வில்'. ஒரே வினையை ஒரு வாரம் இப்படிச் சுற்றிச் சுற்றிச் சொன்னால் போதும், பத்து வினை வேண்டாம். 'ஷீ ப்ரஷஸ்'ஸில் வரும் கடைசி 'ஸ்' ரொம்ப நாள் விட்டுப்போகும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். குழந்தைகள் பேசக் கற்பதை ஆராய்ந்த ரோஜர் பிரவுன் என்பவர் 1973இல் போட்ட வரிசையில், ஆங்கிலக் குழந்தைகளுக்கே 'இங்' முதலில், 'வென்ட்' மாதிரிச் சொற்கள் அதற்கப்புறம், 'எட்' அதற்கும் பின்னால், இந்த 'ஸ்' இவை எல்லாவற்றுக்கும் கடைசி.

கால்புள்ளி:
குறுக்கே ஒன்று. 'எட்' என்று எழுதினாலும் 'வாக்ட்'டில் ட், 'வான்டட்'டில் தனி அசையாக இட் என்று ஓசை மாறும். சீட்டைப் பார்த்து 'வாக்கெட்' என்று படிக்கப் பழகிவிடப் போகிறாள், ஒட்டும்போதே வாயால் சொல்லிக் காட்டிவிடுங்கள்.

மழைக்குருவி:
ஐயோ, 'ஜம்ப்பெட்' ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கே சொல்லிக் காட்டுகிறேன்.