வெள்ளை எழுத்தா, கறுப்புப் பக்கமா? டயர் மாட்டும் முன் ஒரு யோசனை வேண்டும்

நண்பர்களே, என் ஜீப்புக்கு 265/70 ஆர் 17 அளவில் ஐந்து ஆல்-டெர்ரெய்ன் (சாலையிலும் கரடுமுரடான நிலத்திலும் ஓடும்) டயர்கள் வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் புடைத்த வெள்ளை எழுத்து, மறுபக்கம் முழுக் கறுப்பு. சுழலும் திசையோ வெளிப்பக்கமோ குறிக்கப்படாத டயர் என்பதால் எந்தப் பக்கத்தையும் வெளியே வைத்து மாட்டலாம். நாளை மறுநாள் மாட்டப்போகிறேன், இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

வண்டி அடர் பச்சை. வெள்ளை எழுத்து அதற்கு அழகாக இருக்கும் என்று மனம் சொல்கிறது. ஆனால் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். மாதம் இருமுறை சேற்றில் இறங்கும் வண்டி இது. ஒவ்வொரு முறையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்குமா? சோப்புநீரே போதுமா?

அழகைவிட எனக்கு முக்கியமான கேள்வி வேறு. பக்கச்சுவர் கிழிந்தால், தரையில் படும் பகுதியான டிரெட்டில் விழும் ஆணித்துளையைப் போல ஒட்டி ஓட்ட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். இந்த டயரில் கறுப்புப் பக்கத்தின் தோள்கட்டைகள் (டிரெட்டின் ஓரத்து ரப்பர் கட்டைகள்) சற்றுத் தடிமனாகக் கீழே இறங்கி வருகின்றன. கூர்மையான பாறைகளுக்கு நடுவே காற்றைக் குறைத்து ஓட்டும்போது அந்தக் கட்டைகள் உண்மையிலேயே வெட்டுக் காயத்தைத் தடுக்கின்றனவா, அல்லது தோற்றத்துக்கு மட்டும்தானா?

இரண்டு விதமாகவும் மாட்டி ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஓராண்டு ஓடிய வெள்ளை எழுத்தின் படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.