யூட்லாந்துப் பண்ணையாள் ஒருவரின் பெற்றோரைக் கண்டறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். டென்மார்க்கின் வட யூட்லாந்தில் பண்ணையாளாக இருந்த, என் கணவரின் முன்னோர் ஒருவருடைய பெற்றோரைத் தேடிவருகிறேன். பிறந்த இடத்தையும் குறித்துக்கொண்ட 1845ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவர் 22 வயது வேலையாளாக வருகிறார். ஆனால், அதில் சொல்லப்பட்ட பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) ஞானஸ்நானப் பதிவேட்டில் அவரைக் காணவில்லை. தகப்பன் பெயருடன் ‘சன்’ சேர்த்தே கிராமத்தார் அழைக்கப்பட்ட காலம் அது என்பதால், எங்கு பார்த்தாலும் யென்சன்கள்தான்; தகப்பன் பெயர் யென்ஸ் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

1814 முதல் பங்குப் பதிவேடுகள் இரு பிரதிகளாக எழுதப்பட்டன. தீவிபத்தில் இரண்டும் ஒருசேர அழியாதிருக்க, அவை ஒரே கூரையின்கீழ் இரவு தங்கக் கூடாது என்றே விதி இருந்தது. விடுபட்ட பெயர் மற்றொரு பிரதியில் கிடைத்த அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? குடியானவர் வீட்டு ஆண் குழந்தைகளைத் தகப்பன் பெயருடன் அன்று பிறப்பிலிருந்தே பதிந்த படைச்சேவைப் பட்டியல்களில், பழைய வரிசை எண்ணை (முந்தைய பட்டியலில் அவருக்கு இருந்த எண்ணை) கொண்டு பின்னோக்கிச் செல்லும் முறையை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் படிமங்களைப் பார்க்க முடிகிறது. பழைய கோதிக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் முன்வந்தால் உரிய பக்கங்களை இங்கேயே பதிவிடுகிறேன்.