இரவுப் பார்வைக் கருவியின் படத்தரத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

சத்தி விவசாயி:
சத்தியமங்கலம் பக்கம் எங்கள் மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவலுக்காக, சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும், ஒரு டிஜிட்டல் நைட் விஷன் கருவி வாங்க எண்ணுகிறேன். ரைபிள் ஸ்கோப் முதல் கையடக்கக் கருவி வரை எல்லா விளம்பரங்களும் 4கே என்றே சொல்லும்போது, தரத்தை எப்படி அறிவது?

அந்தியூரான்:
4கே என்பது பதிவாகும் காணொளியின் பிக்சல் கணக்குதான்; அதை மட்டும் நம்ப வேண்டாம், அண்ணா. சென்சார், லென்ஸ், கண்ணருகே உள்ள திரை ஆகிய மூன்றில் எது மட்டமோ அந்த அளவுக்கே படம் இறங்கிவிடும். லென்ஸின் எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது: எஃப் 1.2 லென்ஸ், எஃப் 1.8 லென்ஸைவிட இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக ஒளியை உள்ளே விடும். டிஜிட்டல் ஜூமால் புதிய விவரம் எதுவும் வராது.

கடை வெளிச்சத்தில் சோதிப்பது வீண். அமாவாசையை ஒட்டிய இரவில் கிளுவை வேலியைப் பார்த்து, முள்ளும் இலையும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு கருவியை மெல்லத் திருப்பும்போது வேலி இழுபட்டு மங்கினால், ஒளி சேர்ப்பதற்காக அது வினாடிக்கான படங்களைக் குறைக்கிறது என்று பொருள். நின்ற காட்சியை அழகாகக் காட்டும் கருவி, ஓடும் பன்றியிடம் தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

தாளவாடி:
இருட்டில் காட்சிக்கு ஒளி தரும் அகச்சிவப்பு விளக்கையும் பாருங்கள். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கின் முகப்பு மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 அநேகமாகத் தெரியாது, ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கன் சென்சாரின் உணர்திறன் குறைவு என்பதால் படம் இருண்டு புள்ளி புள்ளியாகும். மார்கழிப் பனியில் வெளிச்சம் துளிகளில் பட்டுத் திரும்பித் திரையே வெளுத்துவிடும். அப்போது கருவியைக் குறை சொல்லாமல், விளக்கைத் தனியாகச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.