இன்பாக்ஸ் முழுக்கக் குப்பை மெயில், என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம்காரி:
வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அவருடைய டிக்கெட், விசா பேப்பர் எல்லாம் என் ஜிமெயிலுக்குத்தான் வரும். நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடும்போது மெயில் ஐடி கேட்டார்கள், கொடுத்தேன், அப்புறம் மகனுக்கு வேலை தேடி ஏதோ ஒரு தளத்தில் பதிந்தோம், இப்போது தள்ளுபடி, லோன், லாட்டரிப் பரிசு என்று கொட்டுகிறது. பிளாக் செய்தால் மறுநாள் வேறு முகவரியில் வந்து நிற்கிறார்கள். பேங்கில் எல்லாம் இதே ஐடி என்பதால் புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது. வேறு வழி உண்டா?

தக்கலை வாசி:
அக்கா, பிளாக் செய்தால் அந்த ஒரு முகவரிதான் அடைபடும். துணிக்கடை மாதிரி நீங்களே ஐடி கொடுத்த இடமென்றால் தைரியமாக அன்சப்ஸ்கிரைப் அமுக்குங்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வைத்தாக வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி கொண்டுவந்துவிட்டது. ஆனால் லாட்டரிக்காரன் மெயிலில் எதையும் தொடாதீர்கள், அங்கே அன்சப்ஸ்கிரைப் அமுக்கினால் இந்த ஐடியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு ரிப்போர்ட் ஸ்பேம், அதாவது இது குப்பை மெயில் என்று ஜிமெயிலிடம் புகார் செய்யும் பட்டன் மட்டும்தான்.

குளச்சல் பையன்:
அவர் சொன்னது சரி. இனிமேல் எந்தக் கடையில் கேட்டாலும் ஐடியில் @ குறிக்கு முன்னால் ஒரு + போட்டு கடைப் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். மெயில் உங்களுக்கே வரும், ஆனால் அந்த முகவரிக்கு வேறு யாராவது அனுப்பினால் ஐடியை வெளியே விட்டது யார் என்று தெரிந்துவிடும். சில தளங்கள் + குறியை ஏற்காது, அது ஒரு தொல்லை.

அதைவிட முக்கியம், அண்ணனுடைய கம்பெனி முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, அதாவது அங்கிருந்து வரும் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று ஜிமெயிலுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து, ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று டிக் செய்துவிடுங்கள். ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், விசா பேப்பர் அங்கே மாட்டினால் போச்சு.

மார்த்தாண்டம்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. ஃபோனில் ஃபில்டர் எங்கே இருக்கிறது? தேடித்தேடிப் பார்க்கிறேன், காணவில்லையே.

குளச்சல் பையன்:
ஆப்பில் கிடையாது அக்கா. மகனுடைய லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கம்பெனி மெயிலுக்குள் போய் மூன்று புள்ளியைத் தொட்டால் வரும். ஒரு தடவை போட்டால் போதும், ஃபோனிலும் வேலை செய்யும்.