300 கி.மீ. பிரெவே: வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையிலிருந்து நாலு பேர் அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு சென்னை வருகிறோம், 300 கி.மீ. பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்ட. ஈ.சி.ஆரில் புதுச்சேரி வரை போய்த் திரும்ப வேண்டும், 20 மணி நேரத்துக்குள். 200 முடித்தாயிற்று. இதே சீசனில் 400, 600-ம் முடித்து சூப்பர் ரான்டனர் (ஒரே சீசனில் இந்த நாலு தூரத்தையும் முடித்தவர்களுக்கான பட்டம்) ஆகிவிட வேண்டும் என்று நாலு பேருக்கும் ரொம்ப ஆசை.

முதல் கவலை சைக்கிள்தான். ஆம்னி பஸ் டிக்கியில் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சக்கரம் இரண்டையும் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டினால் போதுமா, இல்லை ரயில் பார்சலே மேலா? பின் கியர் பக்கம் அடிபட்டு லேசாக வளைந்தால்கூட மிதிக்க மிதிக்க செயின் பல் தாவும். விடியற்காலை ஸ்டார்ட்டுக்கு முன்னால் அதை யாரிடம் கொண்டுபோவது?

திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் சைக்கிளை அறைக்குள்ளேயே வைக்க விடுகிற லாட்ஜ் தெரிந்தால் சொல்லுங்கள். வாசலில் பூட்டிவைத்தால் தூக்கம் வராது.

அப்புறம் திரும்பி வரும் பாதை. நாம் வந்துபோனதைப் பதிவுசெய்யும் கன்ட்ரோல் இடங்களைத் தவிர வழியில் துணை வண்டி கூடாது என்பதால் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கடைகளை நம்பித்தான். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு மேல் டீக்கடை எங்கே திறந்திருக்கும்? எங்களில் ஒரு தோழிக்கு இரவில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. அந்த ரோட்டில் ராத்திரி ஓட்டிய அக்காக்கள் யாராவது அவளிடம் பேசினால் பெரிய உதவியாக இருக்கும். கமென்ட்டில் சொல்லுங்கள், இன்பாக்ஸில் வருகிறோம்.