ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் சபை அமளியைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறார்களா?

காவிரிக்கரை

2019 ஏப்ரல், திருவையாறு பக்கம். எந்தக் கட்சிக்காகப் போனேன் என்று கேட்காதீர்கள். கையில் இருந்த நோட்டீஸில் காவிரிக்காக நாடாளுமன்றத்தை முடக்கியதை ஒரு சாதனையாகப் போட்டிருந்தார்கள், அதுவரைக்கும் தெரிந்தால் போதும். ரேஷன், சிலிண்டர் விலை, நகைக்கடன் தள்ளுபடி, நூறு நாள் வேலைச் சம்பளம், இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவோம். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸை வாங்கி முழுதாகப் படித்தார். நோட்டீஸை முழுதாகப் படிக்கிற ஆளைப் பார்த்தாலே எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான்.

"தம்பி, அம்பது பேர் எழுந்து நின்னா நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கணும். போன வருஷம் மார்ச் மாசம் எழுந்து நின்னாங்க. சபாநாயகரம்மா என்ன சொன்னாங்க? சபை ஒழுங்குல இல்ல, தலையை எண்ண முடியலைன்னாங்க. எண்ண விடாம நடுவுல பதாகையோட நின்னது யாரு?"

கூட வந்தவர் காவிரி நம் உயிர் என்று ஆரம்பித்தார். பெரியவர் கை காட்டி நிறுத்திவிட்டு, "காவிரி எங்க கொல்லையிலதான் ஓடுது, நீங்க சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல" என்றார். நோட்டீஸை நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "அடுத்த வீட்டுக்குக் குடு. செலவு மிச்சம்."

பெரியவர் சொன்ன அந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது ஆந்திராவின் தெலுங்கு தேசம் கட்சி. மார்ச் 16லிருந்து கூட்டத்தொடர் முடியும்வரை எடுக்கவே இல்லை. கடைசியில் ஜூலை 20ஆம் தேதி எடுத்தபோது 126க்கு 325 என்று தோற்றது. நடுவில் நின்ற அதே அதிமுக எம்பிக்கள் அன்றைக்கு அரசின் பக்கம்தான் ஓட்டுப் போட்டார்கள். அப்படியானால் மார்ச்சில் அவர்கள் நின்றது அரசை எதிர்த்தா, அரசுக்குக் காவலாகவா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இதே மாதிரி யாரிடமாவது மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பாகம் எண் தெரியாதவன்

ஐயா, அந்தப் பெரியவர் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16. நமக்கு 192 டிஎம்சியிலிருந்து 14.75 குறைத்து 177.25 ஆக்கினார்கள், செயல்திட்டம் அமைக்க ஆறு வாரம் கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடு மார்ச் 29ல் முடிகிறது. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் போடாமல் எப்போது போடுவது? ஜூன் 1ல் காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. அமளியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அமளியே இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்கிறேன். அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. ஒரு வீட்டில் அம்மா ஒருத்தர் கதவைப் பாதி திறந்து, "இப்ப இருக்கிற எம்பி பேரு என்ன?" என்று கேட்டார். நாங்கள் ஆறேழு பேர் நின்றோம். கட்சித் தலைவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். எம்பி பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை, கதவைச் சாத்திவிட்டார்.

சரி, இதைப் படிக்கிற புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து பேராகக் கும்பலாகப் போகாதீர்கள். நான்கு பேர் போதும், அதில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும், அவர்தான் முதலில் பேச வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் தெருவுக்குக் காலை பத்து மணிக்குப் போய்ப் பூட்டிய கதவில் நோட்டீஸ் செருகிவிட்டு, முடித்துவிட்டோம் என்று ஒன்றியத்துக்குக் கணக்குக் கொடுக்கிறீர்களே, அது பிரசாரமே இல்லை. சாயங்காலம் போங்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்தவர், கல்யாணமாகிப் போனவர், வெளியூர் போனவர் எல்லாவற்றையும் அங்கேயே பேனாவால் குறியுங்கள், வாக்குப்பதிவு அன்று பூத்துக்குள் உட்காருகிற ஏஜென்ட்டுக்கு அதுதான் சோறு போடும். ஆரத்தித் தட்டில் போட ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளியே எடுக்காதீர்கள், பறக்கும் படை பார்த்தால் வேட்பாளர் கணக்கில் ஏறும். யாராவது சபையைப் பற்றிக் கேட்டால் வாதாடாதீர்கள். உங்கள் எம்பி என்னென்ன கேள்வி கேட்டார் என்பது மக்களவை இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஒன்றுமே கேட்காத எம்பி என்றால் அந்தத் தெருவில் வேகமாக நடங்கள்.

காவிரிக்கரை

அண்ணே, அனுபவம் கேட்டேன், பயிற்சி முகாம் கேட்கவில்லை. கடைசி வரி மட்டும் நல்லா இருக்கு.

வியாசர்பாடி அக்கா

இரண்டு பேரும் டெல்லியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பெரம்பூர் தொகுதிக்கு எம்எல்ஏவே இல்லாமல் இருந்தது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2017 செப்டம்பர் 18ல் நம்ம சட்டசபைச் சபாநாயகர் தினகரன் பக்கம் இருந்த அதிமுக எம்எல்ஏக்கள் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார், அதில் எங்கள் தொகுதியும் ஒன்று. வழக்கு ஓடியது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு, மூன்றாவது நீதிபதிக்குப் போய் அக்டோபரில்தான் தகுதிநீக்கம் செல்லும் என்று முடிந்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில். நடுவில் குடிநீர் லாரி வரவில்லை என்றால்கூட யாரைத் திட்டுவது என்றே தெரியாது.

அந்த இடைத்தேர்தலுக்கு நானும் பூத் ஸ்லிப்பும் நோட்டீஸுமாகச் சுற்றினேன். ஒரு சந்துக்குள் நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி, "கொஞ்சம் இருக்கா" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். உள்ளே மனுக்கள். கழிவுநீர்க் குழாய்க்கு ஒன்று, மாமியாரின் முதியோர் உதவித்தொகைக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று. எல்லாம் 2018ல் எழுதியவை. "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்" என்று எழுதி, பேருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள். "யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க பேரை எழுதிக்கலாம்னு உட்டு வச்சேன்" என்றாள், ஏதோ பால் கார்டில் பேர் எழுதுகிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. 2017 பிப்ரவரி 18ல் எடப்பாடி பழனிசாமி அரசு கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பில் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டு திமுக செய்த ரகளை, காவலர்கள் தூக்கி வெளியே போட்டது, கிழிந்த சட்டையோடு ஸ்டாலின் வெளியே வந்தது, 122க்கு 11 என்று தீர்மானம் ஜெயித்தது, இதெல்லாம் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், எல்லோருக்கும் மனப்பாடம். சத்தமே இல்லாமல் ஒரு கையெழுத்தில் 18 நாற்காலி காலியானதை யாரும் அமளி என்று சொல்வதில்லை. 234ல் 18 போனால் பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையும் இறங்கிவிடும், யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நாற்காலியைத் தூக்கி எறிந்தால்தான் சபையை முடக்கினதாகவா?

மாடத்தில் உட்கார்ந்தவன்

2010 நவம்பர். டெல்லிக்கு ஒரு வேலையாகப் போனவன், தெரிந்தவர் மூலம் எம்பி கையெழுத்துப் போட்ட பாஸ் கிடைத்ததால் மக்களவை பார்க்கப் போனேன். செல்போன், பேனா எல்லாம் வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் கால்மேல் கால் போடக்கூடாது, பேசக்கூடாது, முன்னால் இருக்கிற கம்பியில் கை வைக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. பதினொரு மணிக்குச் சபாநாயகர் வந்தார், கேள்வி எண் ஒன்று என்றார், கீழே கூச்சல் கிளம்பியது, ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பக்கத்தில் ராஜஸ்தான் பக்கத்திலிருந்து தலைப்பாகையோடு வந்த ஒரு பெரியவர். அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து நேராகவே உட்கார்ந்திருந்தார். காவலர் வந்து முடிந்தது, கிளம்புங்கள் என்று கை காட்டியதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்கு இந்தி வராது. வந்திருந்தாலும் என்ன சொல்வது?

2ஜி அலைக்கற்றை விவகாரத்தை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று பாஜக உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் கேட்டன, காங்கிரஸ் மறுத்தது, அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர் மொத்தமும் போச்சு. மறு வருஷம் மார்ச்சில் அதே கூட்டுக்குழுவை அமைத்தார்கள். நவம்பரிலேயே அமைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? 2012ல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டுக்காக மறுபடி முடக்கியபோது, அவையை நடக்கவிடாமல் செய்வதும் ஜனநாயகத்தின் ஒரு வடிவம்தான் என்று பாஜகவின் சுஷ்மா ஸ்வராஜ் சொன்னார். 2014ல் ஆட்சி மாறிய பிறகு இரண்டு பக்கமும் வசனங்களை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எந்தப் பக்கம் உட்காருகிறார்களோ அந்தப் பக்கத்து நியாயம்.

ஆனால் பாகம் எண் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். முடக்கினால் அரசுக்கு நெருக்கடி என்று யார் சொன்னது? நீங்கள் சொல்கிற அதே 2018 மார்ச்சில், 14ஆம் தேதி, அந்த அமளிக்கு நடுவே நிதி மசோதாவை விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேற்றினார்கள். கட்சிகள் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை 1976லிருந்து முன்தேதியிட்டுச் சரியாக்குகிற ஒரு திருத்தமும் அதற்குள் சத்தமில்லாமல் இருந்தது. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் அதில் லாபம். கூச்சல் போட்டவர்களில் யாராவது அதைப் படித்திருப்பார்களா? திண்ணைப் பெரியவர் வேண்டுமானால் படித்திருப்பார்.

பாகம் எண் தெரியாதவன்

மசோதாவை நிறைவேற்றினது அரசு. பழியை மட்டும் ஏன் கத்தினவன் தலையில் கட்டுகிறீர்கள்? குரல் வாக்கெடுப்பில் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தாலும் தள்ளுவார்கள்.

மாடத்தில் உட்கார்ந்தவன்

கைகட்டி உட்கார்ந்திருந்தால் ஒருவராவது எழுந்து, 1976 எதற்கு என்று கேட்டிருப்பார். அவைக்குறிப்பில் இருந்திருக்கும்.

தையல் மிஷின்

மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை யாரும் சொல்லவே இல்லையே, ஆண்கள்தான் இங்கே அதிகம் போல. 1996ல் முதலில் கொண்டுவந்தது. 1998ல் சட்ட அமைச்சராக இருந்த நம்ம தம்பிதுரை அறிமுகப்படுத்த எழுந்தபோது, மசோதாத் தாளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 2010 மகளிர் தினத்தன்று மாநிலங்களவையில் தலைவர் மேஜை வரைக்கும் ஏறிக் கிழித்தார்கள், மறுநாள் ஏழு பேரை இடைநீக்கம் செய்துவிட்டு 186க்கு 1 என்று நிறைவேற்றினார்கள். அப்புறமும் மக்களவையில் எடுக்கவில்லை. கிழித்தவர்களில் அன்றைய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தவர்களும் இருந்தார்கள், அதனால் ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று மேலே நடக்கிற சண்டை எனக்கு ஒட்டவில்லை. 2023ல் ஒருவழியாகச் சட்டமானது, அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்ற பூட்டோடு.

என் விஷயம் 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. எங்கள் குழுவில் இருக்கிற ஒரு அக்காதான் வேட்பாளர். அச்சடித்து வந்த போஸ்டரில் அவர் வீட்டுக்காரர் படம் பெரிதாக, கும்பிட்டபடி. அக்கா ஓரத்தில் பாஸ்போர்ட் சைஸில். ஒரு வீட்டில் ஆயா ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போஸ்டரைப் பார்த்தார், "இதுல யாரும்மா நிக்கறது?" என்றார். அக்கா நான்தான் ஆயா என்றார். "அப்ப இவரு யாரு, உனக்கு ஏஜென்ட்டா?"

வீட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அக்கா சிரித்துவிட்டார், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அக்காவை மைக் பிடிக்க விடவில்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தாளைக் கிழிக்காமலேயே வேலை முடிகிறது பாருங்கள்.

வியாசர்பாடி அக்கா

தையல், ஜெயித்தார்களா இல்லையா?

தையல் மிஷின்

ஜெயித்தார். கூட்டத்துக்கும் போகிறார். மீதியை எழுதினால் ஊர் தெரிந்துவிடும்.

ஏற்காடு அடிவாரம்

2023 டிசம்பரில் 146 எம்பிக்களை இடைநீக்கம் செய்து வெளியே அனுப்பினார்களே, மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46. அவைக்குள் இரண்டு பேர் புகைக்குப்பியோடு குதித்ததற்கு உள்துறை அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு. முதல் பட்டியலில் அப்போதைய எங்கள் சேலம் எம்பி பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்றைக்கு அவையிலேயே இல்லை! அப்புறம் பெயரை எடுத்தார்கள். அத்தனை பேர் வெளியே இருக்கும்போதுதான் மூன்று குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. மாடத்து அண்ணன் சொன்ன அவைக்குறிப்பில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கேள்வி கேட்க உள்ளே ஆள் வேண்டாமா?

2024 தேர்தலுக்கு ஒரு டீக்கடையில் நின்று இதையே பெரிய அநியாயமாக விளக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "இல்லாத ஆளையே இருக்கார்னு வெளிய அனுப்பியிருக்காங்கன்னா, உள்ள இருக்கும்போது அவங்க யாரும் முகத்தைப் பார்த்ததில்லன்னு அர்த்தம்" என்றார். கடையே சிரித்தது. நான் அது இல்லைங்க அண்ணா, இடைநீக்கம் என்றால் என்ன என்று விதியிலிருந்து ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர், அதெல்லாம் சரி, எங்க வீட்டுக்கு ஸ்லிப் வரலையே என்றார். பின்னாலிருந்து எங்கள் வட்டச் செயலாளர் தோளைத் தட்டி, "பாராளுமன்றத்தை நைட்டு நடத்திக்கலாம், இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கு, கிளம்பு" என்றார்.